ஒன்பதாம் நம்பர் மலையில் விறைத்த புழுக்கள்

நேற்றுக் காலை மருமகள் ஃபிரிட்ஜிலிருந்து கறிவேப்பிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தவள், கத்திக்கொண்டே கையை உதறினாள். உள்ளே ஒரு பச்சைப்புழு. இரண்டு நாள் குளிரில் கிடந்து குச்சி மாதிரி விறைத்திருந்தது. செத்த புழுவுக்கா இந்தச் சத்தம் என்று மகன் சிரித்தான். நான் அதை இலையோடு வாங்கி அடுப்படி ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி வைத்தேன். பதுளை வெயில் எட்டு மணிக்கே சுடும். நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் புழு தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல இலையின் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கியது. "இது பொழைக்கும்னு ஒங்களுக்கு எப்பிடி மாமா தெரியும்?" என்று மருமகள் கேட்டாள். எங்கேயோ படித்தேன் என்று சொல்லி வைத்தேன்.

எங்கேயும் படிக்கவில்லை. நீங்கள் சொன்னதுதான். இனி இதை உங்களால் படிக்க முடியாது. இருந்த காலத்திலும் யாராவது படித்துத்தான் காட்டியிருக்க வேண்டும். இருந்தாலும் எழுதுகிறேன்.

'நீங்கள்' என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. தேயிலைத் தோட்டத்தில் ஒருநாளும் உங்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, உங்களுக்கு நாற்பதுக்குப் பக்கம். ஆனாலும் நான் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் வாசித்து, யார் எந்த மலைக்கு, யாருக்கு என்ன வேலை என்று பிரித்து அனுப்புகிறவன். என் அம்மா வயதுப் பெண்களையே 'இந்தா', 'ஏ புள்ள' என்றுதான் அழைத்தேன். யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

நம் தோட்டம் அப்புத்தளைக்கு மேலே, ஒஹியாப் பக்கம் பார்த்திருந்தது. தை மாதத்தில் பள்ளத்துத் தேயிலையில் பனி உறையும். தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் 'மலை' என்றுதான் சொல்வோம்; ஒன்பதாம் நம்பர் மலை முழுக்கப் பள்ளம்தான். பனியைவிட அங்கே பெரிய தொல்லை சொணைப்புழு. தொட்டால் கை வீங்கும். இலையை அடிநரம்பு வரை தின்றுவிட்டு, மரத்தடி மண்ணுக்குள் இறங்கி, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கெட்டிக் கூடு கட்டி உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கூடுகளைத் தோண்டி எடுக்கவும், இலையில் இருப்பதைப் பிடிக்கவும் பன்னிரண்டு பெண்கள் கொண்ட கேங்கு ஒன்று இருந்தது. அதற்கு நீங்கள்தான் கங்காணி. அந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணைக் கங்காணி என்று பேர்ப்புத்தகத்தில் எழுதியது அந்த ஒரே தடவைதான். ஆண் கங்காணிகள் உங்களைப் 'புழுக் கங்காணி' என்று கிண்டல் செய்வார்கள். நீங்கள் அதைப் பட்டம் போல வாங்கிக்கொண்டீர்கள். "ஆமா, புழுக் கங்காணிதான். ஒங்க கேங்கவிட எம்புழு சொன்ன பேச்சக் கேக்கும்" என்று ஒருமுறை திருப்பிக் கொடுத்தீர்கள். களமே சிரித்தது.

உங்கள் வேலை எனக்கு அப்போது விநோதமாகத் தெரிந்தது. தோண்டிய கூட்டை உடனே டின்னில் போடமாட்டீர்கள். காதோரம் வைத்து ஆட்டி, உள்ளே உயிர் இருக்கிறதா என்று கேட்பீர்கள். புழுவின் முதுகில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அதைத் திரும்ப மரத்தடியிலேயே விடுவீர்கள். பிடித்த புழுவை ஏன் விடுகிறாய் என்று நான் அதட்டியபோது, "அது மேல ஈ முட்ட வச்சிருக்குங்க ஐயா. உள்ள வேற ஒருத்தன் வளர்றான், புழுவத் தின்னுருவான். அவன் நம்ம ஆளு" என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. புரியாததை ஒப்புக்கொள்ளும் பழக்கமும் எனக்கு அப்போது இல்லை. எத்தனை டின் என்று எழுதிக்கொண்டு போய்விட்டேன்.

ஒரு தை மாதம் பனி விழுந்த காலைக்கு வருகிறேன். முந்தின நாள் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அப்படி இருந்தால் விடியலில் உறையும் என்று தெரியும். தேயிலை எவ்வளவு கருகும் என்று பார்த்துச் சொன்னால் துரையிடம் நல்ல பேர் கிடைக்கும் என்ற ஆசையில், விடியும் முன்பே டார்ச்சோடு நான் தனியாக ஒன்பதாம் நம்பர் மலைக்கு இறங்கினேன். புல் எல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளையாகக் கிடந்தது. மிதித்தால் நொறுங்கியது. ஒரு மரத்தைப் பிடித்து உலுக்கினேன். சொணைப்புழுக்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்றாவது நெளிய வேண்டுமே! கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அள்ளி, ஒரு பால்மா டின்னில் போட்டேன். கடலைக்கொட்டை போலக் கலகலத்தன. மனிதர்கள் பன்னிரண்டு பேர் மாதக் கணக்கில் செய்து முடிக்காததைப் பனி ஒரே விடியலில் செய்துவிட்டது என்று நினைத்தேன். அதைக் கண்டுபிடித்தவன் நான் என்றும் நினைத்தேன்.

பெரட்டுக் களத்தில் அன்று உதவி மேனேஜரான சின்னத்துரை நின்றிருந்தார். கொழும்பிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகவில்லை. தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. பெரிய துரை விடுமுறையில் இருந்தார். சின்னத்துரைக்குக் காதும் வாயும் நான்தான். டின்னை அவர் முன்னால் கவிழ்த்தேன். சிமெண்டுத் தரையில் புழுக்கள் சிதறி அப்படியே கிடந்தன. அவர் சப்பாத்து நுனியால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். அது உருண்டது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் புழுக் கேங்கை நிறுத்தி, அந்தப் பன்னிரண்டு பேரையும் கொழுந்து பறிக்க அனுப்பலாமே என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் உரக்க அறிவித்தேன்.

அப்போதுதான் நீங்கள் வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்தீர்கள். தலையில் குளிருக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி, கையில் வளைந்த கத்தி. குனிந்து தரையில் கிடந்த புழுக்களைப் பார்த்தீர்கள். தொடவில்லை.

"ஐயா, இது சாவலைங்க. வெறச்சுப் போயிருக்கு. வெயில் ஏறட்டும், அப்பறம் எண்ணிப் பாருங்க. இப்ப கேங்க நிப்பாட்டாதீங்க. தொரைகிட்ட சொல்லுங்க."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னத்துரை என் பக்கம் திரும்பி, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

இதை எத்தனையோ முறை மனதில் போட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கு யோசிக்க நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. நேரம் இருந்தது. நான் கொண்டுவந்த டின், நான் சொன்ன சேதி, அதை ஒரு புழுக் கங்காணி இருநூறு பேர் முன்னால் தவறு என்கிறாள். அவ்வளவுதான் என் மனதில் ஓடியது. குளிர் தாங்கவில்லையாம், கம்பளி வேண்டுமாம் என்று நாக்கூசாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

சின்னத்துரை நல்லவர். உடனே இரக்கப்பட்டு, ஸ்டோரிலிருந்து இவளுக்கு ஒரு கம்பளி கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். கங்காணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் கம்பளியை வாங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள், "எதுக்குங்க ஐயா கம்பளி?" என்று. "தொரை ஒம்பேச்சக் கேட்டுச் சந்தோசப்பட்டாரு. ஆனா கேங்க நிப்பாட்டுறது அவரு முடிவு" என்றேன். இரண்டாவது பொய் முதலாவதை விடச் சுலபமாக வந்தது. நீங்கள் துரை இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போனீர்கள்.

பத்து மணிக்கு என்னைத் தேடி மலைக்கு வந்தீர்கள். கையில் அதே பால்மா டின். களத்தில் சிதறிக் கிடந்ததைக் கூட்டி அள்ளி வெயிலில் வைத்திருக்கிறீர்கள். உள்ளே பார்த்தேன். முக்கால்வாசிப் புழுக்கள் டின் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. அடியில் கொஞ்சம் கறுத்து, ஊதி, செத்துக் கிடந்தன. நீங்கள் ஒரு குச்சியால் பிரித்துக் காட்டினீர்கள்.

"இங்க பாருங்க ஐயா. வயிறு முட்டத் தின்னதுதான் செத்திருக்கு. பட்டினி கெடந்தது பூரா உசிரோட இருக்கு. மண்ணுக்குள்ள எறங்கப் போற புழு ரெண்டு நாளைக்கு முன்னாடியே திங்கிறத நிப்பாட்டிரும், வயித்தயும் காலி பண்ணிரும். அதப் பனி ஒன்னும் பண்ணாதுங்க. மண்ணுக்குள்ள இருக்கிற கூட்டுக்குப் பனி விழுந்த சங்கதியே தெரியாது."

ஒன்றிரண்டு பிழைக்கத்தான் செய்யும், நீ போய்க் கொழுந்தைப் பார் என்றேன். ஆகவே, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லும் வசதியும் எனக்கு இல்லை. காலை பத்து மணியிலிருந்து எனக்குத் தெரியும்.

பின்னாளில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, பதுளை நூலகத்தில் பூச்சிகளைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பனி மலையாகக் குவியும் நாடுகளில் பூச்சிகள் எப்படி உயிரோடு இருக்கின்றன என்று ஒரு நீண்ட அத்தியாயம். சில பூச்சிகள் குளிர் வரும் முன்பே தம் உடம்புச் சாற்றில் பாகு போன்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றன. அது தண்ணீரை எளிதில் உறைய விடாது. சிலவற்றின் உடம்பில் பனிக்கட்டியே உண்டாகும், ஆனால் உயிரணுக்களுக்கு வெளியேதான். உள்ளே உறைந்தால்தான் சாவு. பல பூச்சிகள் மண்ணுக்கடியிலும் சருகுக்கடியிலும் போய் ஒடுங்கும். மேலே விழுந்த பனியே அவற்றுக்குப் போர்வை. பிறகு ஓர் இடம் வந்தது. குளிருக்கு முன் பல பூச்சிகள் தின்பதை நிறுத்திக் குடலைக் காலி செய்துவிடுமாம். ஏனென்றால் குடலில் கிடக்கும் இலைத்துணுக்கைப் பற்றிக்கொண்டுதான் முதல் பனிக்கட்டி உருவாகிறது, அதிலிருந்து உடம்பெல்லாம் பரவுகிறது. நான் புத்தகத்தை மூடி அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எதிரில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர், உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்தார்.

நம் சொணைப்புழுவுக்கு அந்தப் பெரிய வித்தையெல்லாம் தெரிந்திருக்காது. நம் ஊர்ப் பனி நாலைந்து மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான். அதுவரை அசையாமல் விறைத்துக் கிடந்துவிட்டு, சூடு ஏறியதும் எழுந்து நடந்தால் போதும். சாவதற்கும் விறைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெரட்டு ஆறு மணிக்கு. தோட்டத்தில் எல்லா முடிவும் ஆறு மணிக்கே எடுக்கப்பட்டுவிடும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடைமுறை அப்படி.

ஒன்றரை மாதத்தில் ஒன்பதாம் நம்பர் மலை மொட்டையானது. மண்ணுக்குள் இருந்த கூடுகளிலிருந்து பூச்சி வெளிவந்து, முட்டையிட்டு, புதுப் புழு கிளம்பியிருந்தது. தேயிலை மரங்கள் வெறும் குச்சிகளாக நின்றன. கொழுந்துக்குப் போன பெண்கள் கை வீங்கி, கண் வீங்கித் திரும்பினார்கள். பெரிய துரை விடுமுறை முடிந்து வந்து மலையைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும்; அதுதான் எனக்குப் பயம். ஆபீசுக்குக் கூப்பிட்டு, புழு செத்துவிட்டது என்று சொன்னது யார் என்று கேட்டார். சின்னத்துரை என்னைப் பார்த்தார். அந்த டின்னை எனக்குக் கொடுத்ததே புழுக் கேங்குதான், கங்காணி செத்துவிட்டது என்று சொன்னாள், நான் நம்பினேன் என்றேன். பெரிய துரை உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே என் வேலை போயிருக்கும். அவர் கேட்கவில்லை. பொம்பிளையைக் கங்காணியாகப் போட்டதே தப்பு என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார்.

மறுநாள் பெரட்டில், புழுக் கேங்குக்குப் புதிதாக ஓர் ஆணின் பேரை வாசித்தேன். உங்கள் பேரைக் கொழுந்துக்கு வாசித்தேன். கிண்டல் பண்ணுகிற கங்காணிகள்கூட அன்று வாய் திறக்கவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு நீங்கள் என்னிடம் வந்தீர்கள். கோபமாக வருவீர்கள் என்று நினைத்துப் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஐயா, நான் அன்னிக்கே சொன்னேன்ல? நீங்களும் தொரைக்கு எடுத்துச் சொன்னீங்க. தொரைக்கு மறந்துருச்சுங்களா?"

மறந்துவிட்டது போல என்றேன்.

"பெரிய வேல பாக்குறவுக, மறதி வரத்தான் செய்யும்" என்றீர்கள். "ஆனா ஐயா, எம்பேரு கெட்டுப் போச்சுங்களே." அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் இறங்கியது. அழவில்லை. கத்தியை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு மலைக்குப் போனீர்கள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. ஒரு வாரம் போனதும் அதுவும் பழகிவிட்டது.

அதன்பிறகு மூன்று வருடம் நீங்கள் கொழுந்து எடுத்தீர்கள். மலையில் புழுவைப் பார்த்தால் மட்டும் நின்று, முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடப்பீர்கள். பிறகு உங்கள் குடும்பத்துக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு நாட்டு ஒப்பந்தத்தின்படி, லயக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு அந்த வருடங்களில் வந்தது. போகிறவர்களுக்குத் தோட்டத்தில் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு சான்றுக் கடிதம் கொடுப்போம். நான் ஆங்கிலத்தில் எழுத, துரை கையெழுத்துப் போடுவார், படித்துப் பார்க்கமாட்டார்.

நீங்கள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றீர்கள். அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். நான் உங்கள் முன்னாலேயே எழுதினேன். கொழுந்து பறிக்கும் தொழிலாளி, இத்தனை வருடம், நன்னடத்தை. மூன்று வரி.

"ஐயா, புழுக் கேங்குக்குக் கங்காணியா இருந்தேன்னு போட்டிருக்குங்களா? அங்க கோத்தகிரியிலயும் தேயிலதானாம். அங்கயும் புழு இருக்கும்ல. அந்த ஒரு வார்த்த இருந்தாப் போதும், அந்த வேலயத் தருவாங்க."

எழுதியிருக்கலாம். அரை வரி. யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கங்காணி என்று எழுதினால், ஏன் நிறுத்தப்பட்டாள் என்று துரை கேட்டுவிடுவாரோ என்று ஒரு பயம். படிக்காமலே கையெழுத்துப் போடுகிற துரைக்குப் பயந்தேன்.

"ஆமா, போட்டிருக்கேன்" என்றேன்.

நீங்கள் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினீர்கள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தீர்கள். "எதுங்க ஐயா, கங்காணிங்கிற எழுத்து?" என்று கேட்டீர்கள். முதல் வரியில் ஏதோ ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்து அந்த இடத்தை மனதில் வாங்கிக்கொண்டீர்கள். "இவரு நல்லா இருக்கணும்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்களை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

பூச்சிகளைப் பற்றி இன்று என்னிடம் யார் கேட்டாலும் சொல்கிறேன். பேரனுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால், பேச்சை மாற்றிவிடுவேன். உங்கள் பேரைச் சொல்வது மட்டும் இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் கோத்தகிரியிலிருந்து உங்கள் மகளின் கடிதம் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறாளாம். என் விலாசத்தை அப்புத்தளையில் யாரிடமோ விசாரித்துப் பெற்றிருக்கிறாள். நீங்கள் காலமான சேதியை முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். பிறகு இப்படி எழுதியிருந்தாள்:

"இங்கே வந்து இறங்கின முதல் வாரமே அம்மா உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள். அங்கே படித்துப் பார்த்தவர், கொழுந்து வேலைக்கு நாளைக்கு வா என்றார். 'கங்காணின்னு போட்டிருக்கு, நல்லாப் பாருங்க' என்று அம்மா விரலை வைத்துக் காட்டினார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றார் அவர். அம்மா சண்டை போட்டுவிட்டுக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுத்த தோட்டத்திலும் அதே கதைதான். கடைசியில் கொழுந்துக்கே போனார்கள். 'எங்க ஐயா என் கண்ணு முன்னாடியே எழுதினாரு, இவனுகளுக்குத்தான் இங்கிலீசு படிக்கத் தெரியல' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டேன் ஐயா. அம்மா ஒருநாள் என்னிடமே நீட்டி, வாசித்துக் காட்டு என்றார்கள். 'புழுக் கங்காணி, மிகத் திறமையானவர்' என்று வாசித்தேன்."

அதற்குமேல் அவள் ஒன்றும் எழுதவில்லை, ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் பதில் போடவில்லை. முதலில் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.